ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு: கேம் நடுவே திரை கறுத்து, கார்டு ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. எங்கிருந்து பார்ப்பது?

வைகை64:
வணக்கம். சிஸ்டம் விவரம் முதலில். ரைசன் 5 5600எக்ஸ், பி550 போர்டு, 3600 வேக டிடிஆர்4 ரேம் 16 ஜிபி இரண்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி, 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி). எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயது ஐந்து. கார்டில் 8-பின் சாக்கெட் இரண்டு.

கேம் தொடங்கி 15லிருந்து 40 நிமிடத்துக்குள் திரை கறுத்துவிடுகிறது. அதே நொடியில் கார்டின் ஃபேன் மூன்றும் முழு வேகத்துக்குப் போகின்றன. ஹெட்செட்டில் சத்தம் இன்னும் பத்து, பதினைந்து விநாடி வருகிறது. சிஸ்டம் ஆஃப் ஆவதில்லை. ரீசெட் அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் பூட் ஆகிறது. டிரைவரை மூன்று முறை மாற்றியாயிற்று, விண்டோஸையும் புதிதாகப் போட்டாயிற்று. கார்டை முழு லோடில் சோதிக்கும் ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட்டினால் கிராஷ் இல்லை. அறை வெப்பம் 34லிருந்து 36 டிகிரி. கடையில் கார்டு போய்விட்டது என்கிறார்கள்.

மின்தடம்:
கார்டு போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். கிராஷ் என்று எல்லாரும் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் அது எப்படி விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்தால் டிரைவர், கேம், ரேம், அளவுக்கு மீறிய ஓவர்கிளாக், இவற்றைப் பார்க்க வேண்டும். திரை ஓரிரு விநாடி கறுத்துத் தானாகத் திரும்பி வந்தால், கார்டு பதில் சொல்லவில்லை என்று விண்டோஸ் டிரைவரைத் திரும்ப எழுப்பியிருக்கிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அது 4101 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும். திரையில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள், வண்ணப் புள்ளிகள் வந்தால் கார்டின் மெமரி மேல் சந்தேகம். மொத்த சிஸ்டமும் சட்டென்று அணைந்தால், அதுவும் பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் திரும்ப உயிர் வரும் என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கிறது.

உங்களுடையது இவற்றில் எதுவும் இல்லை. பிராசஸரும் விண்டோஸும் உயிரோடு இருக்கின்றன, சத்தம் வருவதே அதற்குச் சாட்சி. கார்டு மட்டும் ஸ்லாட்டிலிருந்து காணாமல் போயிருக்கிறது. கட்டளை எதுவும் வராதபோது கார்டின் ஃபேன் கண்ட்ரோலர் பாதுகாப்புக்காக முழு வேகத்துக்குப் போகும். இப்படி நடந்தால் பார்க்க வேண்டிய வரிசை: கார்டுக்குப் போகும் மின்சாரம், ஸ்லாட்டின் தொடர்பு, கார்டின் வெப்பம், கடைசியாகக் கார்டு.

மூன்று விவரம் தாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்கு எத்தனை கேபிள் போகிறது? கார்டு நேராக ஸ்லாட்டில் இருக்கிறதா, ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிளிலா? கிராஷ் நேரத்தில் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் என்ன பதிவாகியிருக்கிறது?

வைகை64:
ஒரே கேபிள். அதன் முனையில் இரண்டு 8-பின் தலைகள் இருக்கின்றன, இரண்டையும் கார்டில் செருகியிருக்கிறது. ரைசர் இல்லை. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 மட்டும்தான். சில நாள் அதற்கு முன்னால் கார்டு டிரைவரின் பதிவான என்விஎல்டிடிஎம்கேஎம் 14 ஒன்று.

நிழல்ரெண்டர்:
ரெஜிஸ்ட்ரியில் கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் கிளைக்குள் டிடிஆர்டிலே என்று ஒரு மதிப்பை உருவாக்கி 10 என்று கொடுங்கள். 2 விநாடிக்குப் பதில் 10 விநாடி விண்டோஸ் காத்திருக்கும். பிளெண்டரில் பெரிய காட்சி ரெண்டர் செய்யும்போது வரும் கிராஷ் இதில் நின்றுவிடுகிறது.

மின்தடம்:
ரெண்டருக்கு அது சரி, நிழல். அங்கே கார்டு வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஒரே வேலை 2 விநாடிக்கு மேல் இழுப்பதால் விண்டோஸ் பொறுமை இழக்கிறது. விஸ்டா காலத்திலிருந்து இந்த 2 விநாடிக் கெடு இருக்கிறது. இங்கே கார்டே பதில் தரும் நிலையில் இல்லை. 10 விநாடி கொடுத்தால் 10 விநாடி கறுப்புத் திரையைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கெர்னல்-பவர் 41 பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் அதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் பழுது என்கிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை. நீங்கள் ரீசெட் அழுத்தியதால் வந்தது.

சரி, கேபிளுக்கு வருவோம். 3080-இன் வரையறுத்த சக்தி 320 வாட். ஸ்லாட் வழியாக 75 வாட் வரை வரலாம், நடைமுறையில் 60, 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 255 வாட் உங்கள் ஒற்றைக் கேபிளில் வருகிறது. 12 வோல்ட்டில் அது 21 ஆம்பியர். 8-பின்னில் 12 வோல்ட் கொண்டுவரும் கம்பிகள் மூன்றுதான், ஆகக் கம்பிக்கு 7 ஆம்பியர். ஒரு 8-பின் தலைக்கு விதித்த அளவு 150 வாட், அதாவது கம்பிக்கு 4 ஆம்பியர் சொச்சம்.

இது சராசரிக் கணக்கு. 3080 மில்லிசெகண்ட் நேரத்துக்கு 450 வாட்டைத் தாண்டிப் பாயும், அந்த வகைக் கார்டுகளின் சுபாவமே அது. அந்தக் கணத்தில் ஒவ்வொரு கம்பியிலும் 10 ஆம்பியருக்கு மேல். 18 கேஜ் கம்பி 60 செ.மீ. நீளம் என்றால் போக 0.13 வோல்ட், வர 0.13 வோல்ட் விழும். பின்கள் தேய்ந்திருந்தால் அங்கே இன்னும் விழும். அதே நொடியில் எஸ்எம்பிஎஸ்ஸும் கொஞ்சம் தொய்ந்தால் கார்டுக்குப் போய்ச் சேருவது 11.4-க்குக் கீழே இறங்கிவிடலாம்.

ஃபர்மார்க்கில் ஏன் வரவில்லை என்பதும் இதில் அடங்கியது. அது கார்டைச் சக்தி வரம்பில் முட்டவைத்து அங்கேயே நிறுத்துகிறது. கிளாக் தாழ்ந்துபோய் லோடு தட்டையாக இருக்கும். கேமில் லோடு ஏறி இறங்கும்: லோடிங் திரையில் ஒன்றுமில்லை, கதவு திறந்ததும் முழு லோடு. அந்த ஏற்றத்தில்தான் பாய்ச்சல் வருகிறது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த இரண்டாவது பிசிஐஇ கேபிளைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனிக் கேபிள். தொங்கும் மீதித் தலைகளைக் கட்டி ஓரமாக வையுங்கள்.

கொதிநிலை:
கேபிளை மாற்றும்போதே வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள். அறை 36 டிகிரி, செகண்ட் ஹேண்ட் கார்டு, இரண்டும் சேர்ந்தால் சும்மா விட முடியாது. வெப்பம், வோல்ட்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சென்சார் மட்டும் திறந்து, பதிவு இடைவெளியை 2000-லிருந்து 500 மில்லிசெகண்டாகக் குறைத்து, கோப்பில் எழுதும்படி விடுங்கள். கிராஷ் ஆனாலும் கடைசி வரிவரை கோப்பில் இருக்கும்.

மூன்று எண்கள் வேண்டும். கார்டு வெப்பம், ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்), மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்பின் உள்வெப்பம்). கார்டுக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் 12, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 25, 30 என்றால் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிப் போயிருக்கிறது. மெமரி 110 டிகிரியைத் தொட்டால் கார்டின் மெமரியான ஜிடிடிஆர்6எக்ஸ் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே கோப்பில் 8-பின் ஒன்று, இரண்டு என்று உள்வரும் வோல்ட்டேஜும் தெரியும். 500 மில்லிசெகண்டில் பாய்ச்சல் அகப்படாது, ஆனால் தொடர்ந்து தொய்வு இருந்தால் தெரிந்துவிடும்.

கடல்மீன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கார்டு பிரச்சினைதான். ஐ9-13900கே பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4080 கார்டு. அன்ரியல் எஞ்சின் கேம்களில் மட்டும், ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்து மூடிவிடுகிறது. 16 ஜிபியில் 5 கூட நிறையவில்லை. கார்டை மாற்றிப் பார்த்தும் அதே பிழை.

மின்தடம்:
கடல்மீன், உங்கள் கார்டில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. பிழைச் செய்தி கார்டின் பெயரைச் சொல்கிறது, தவறுவது பிராசஸர். சுருக்கிவைத்த ஷேடரை விரித்தெடுக்கும் வேலை முழுக்கப் பிராசஸருடையது. அங்கே ஒரு பிட் தப்பினாலும், மெமரி ஒதுக்க முடியவில்லை என்றுதான் எஞ்சின் முடிவுக்கு வரும்.

13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போய்ச் சிலிக்கான் நலிவதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (பிராசஸரின் உள்நிரல்) திருத்தம் வந்தது. அதைக் கொண்ட பயாஸைப் போடுங்கள், பயாஸில் இன்டெல் இயல்பு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சோதித்துப் பார்க்க, பி-கோர் (பிராசஸரின் வேகமான கோர்) பெருக்கியை 55-லிருந்து 53-க்கு இறக்கி அதே கேமில் ஷேடர் தயாரிக்க விடுங்கள். பிழை நின்றால் பிராசஸர்தான். ஏற்கெனவே நலிந்த பிராசஸரைப் புதிய பயாஸ் குணப்படுத்தாது, மேலும் கெடாமல் மட்டும் காக்கும். இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது, உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மேலே பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், இங்கே இரண்டும் கலந்துவிடும்.

வைகை64:
இரண்டாவது கேபிள் கிடைத்தது, மாட்டியாயிற்று. முன்பு 40 நிமிடத்தைத் தாண்டாதது இப்போது இரண்டு மணி 10 நிமிடம் ஓடிப் பிறகு கறுத்தது. பதிவில் கடைசி வரி: கார்டு 76, ஹாட் ஸ்பாட் 91, மெமரி 106. வோல்ட்டேஜ் முதல் 8-பின் 11.93, இரண்டாவது 11.61.

பழைய கேபிளில் ஒன்று கவனித்தேன். இரண்டாவது தலையின் முகப்பில் ஒரு பின் மற்றவற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. அந்தத் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுப்பாக இருக்கிறது. இப்போது முதல் சாக்கெட்டில் புதுக் கேபிள், இரண்டாவதில் பழைய கேபிளின் முதல் தலை.

மின்தடம்:
அந்தப் பழுப்பு உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பின் உள்வாங்கியதால் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தொடும் பரப்பு குறையக் குறையத் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் பின்னின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் தொடுகை இன்னும் குறையும். அந்தக் கேபிளை முதல் தலை உட்பட இனித் தொட வேண்டாம்.

கார்டின் இரண்டாவது சாக்கெட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பின்கள் பளபளவென்று இருக்க வேண்டும். மங்கிச் சாம்பலாகவோ பழுப்பாகவோ ஒன்று தெரிந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த சிறு பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசி, பிளேடு வேண்டாம், பின்னின் பூச்சு போய்விடும்.

மாற்றுக் கேபிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கார்டுப் பக்கத்து 8-பின் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் அமைப்புக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே மாறும். பொருந்துகிறதே என்று வேறு எஸ்எம்பிஎஸ் கேபிளைச் செருகினால் தரைக் கம்பியில் 12 வோல்ட் போய்க் கார்டு புகைந்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் முழு மாடல் எண்ணுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கொதிநிலை:
மெமரி 106 என்பது 36 டிகிரி அறைக்குக் கூட அதிகம். கேபினெட் பக்கக் கதவைக் கழற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 10 டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் குறை, முன்பக்க ஃபேனையும் ஃபில்டரையும் கவனிக்க வேண்டும். 2, 3 டிகிரி மட்டும் இறங்கினால், மெமரி சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பேட் காய்ந்திருக்கிறது.

பேட் மாற்றுவதில் பலர் கார்டைக் கெடுத்துக்கொள்வது தடிமனில். ஒரே 3080 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் தடிமன் வேறு. 1.5 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 2 மி.மீ. போட்டால் ஹீட் சிங்க் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். மெமரி 85-க்கு இறங்கியிருக்கும், சந்தோஷப்படுவீர்கள், ஹாட் ஸ்பாட் 105-க்கு ஏறியிருக்கும். உங்கள் மாடலின் அளவு உறுதியாகத் தெரியாவிட்டால் தெர்மல் புட்டி வாங்குங்கள். மாவு மாதிரி இருக்கும், எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுக்கு அமுங்கிக்கொள்ளும். 3080 10 ஜிபியில் மெமரி சிப் பத்தும் சிலிக்கான் இருக்கும் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு பக்கம் திறந்தால் போதும்.

பனைமரம்:
இது 2020-இல் வந்த கபாசிட்டர் பிரச்சினை இல்லையா? 3080 வந்த புதிதில் எல்லாரும் கிராஷ் என்றார்களே.

மின்தடம்:
அது வேறு, பனைமரம். 2020 செப்டம்பரில் கார்டு வெளிவந்த இரண்டாவது வாரம், கார்டின் கிளாக் 2 ஜிகாஹெர்ட்சைத் தாண்டும்போது கேம் மூடிக்கொண்டது. கார்டின் பின்புறக் கபாசிட்டர் வகைதான் காரணம் என்று பேச்சு பரவியது. அதே மாதம் 28-ஆம் தேதி வந்த 456.55 டிரைவரோடு பெரும்பாலானோருக்கு நிலைமை சீரானது. அந்தக் கிராஷ் டெஸ்க்டாப்புக்கு வந்து விழும். ஃபேன் அலறாது.

வைகை64:
சாக்கெட்டில் ஒரு பின் மங்கலாக இருந்தது, துடைத்தாயிற்று. அதே மாடலுக்கான கேபிளுக்கு ஆர்டர் போட்டிருக்கிறது, வர ஒரு வாரம். அதுவரை கார்டை ஓட்டலாமா? வீட்டில் 600 விஏ யூபிஎஸ் இருக்கிறது, அதில் போட்டால் வோல்ட்டேஜ் சீராகுமா?

மின்தடம்:
யூபிஎஸ்ஸில் போடாதீர்கள். 600 விஏ என்பது நடைமுறையில் 360 வாட். உங்கள் சிஸ்டம் கேமில் 500 வாட் இழுக்கும். கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் ஓவர்லோடு ஆகி மொத்தமும் அணையும். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் இருக்கிறது, உங்கள் பிரச்சினை எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பின்னால்.

ஒரு வாரத்துக்கு நல்ல கேபிள் ஒன்று மட்டும் என்றால் கார்டின் பசியைக் குறைத்து ஓட்டுங்கள். கார்டின் அமைப்பை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதத்துக்கு இழுத்தால் 225 வாட் சுற்றுவட்டாரம். ஆனால் பவர் லிமிட் சராசரியைத்தான் கட்டுப்படுத்துகிறது, பாய்ச்சல் அதைத் தாண்டி ஓடும். அதைவிட அண்டர்வோல்ட், அதாவது கார்டு கேட்கும் வோல்ட்டேஜையே குறைப்பது, நல்லது.

கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்ட்டேஜ் வளைகோடு திறக்கும். முதலில் கோர் கிளாக்கை மைனஸ் 250 கொடுத்து டிக் அழுத்துங்கள், கோடு முழுவதும் தாழும். பிறகு 850 மில்லிவோல்ட்டுக்கு நேரே இருக்கும் புள்ளியைப் பிடித்து 1800 மெகாஹெர்ட்சுக்கு ஏற்றி மறுபடி டிக். அதற்கு வலப்பக்கம் கோடு தட்டையாகிவிட வேண்டும். இனிக் கார்டு 850-க்கு மேல் வோல்ட்டேஜ் கேட்காது. சக்தி 260 வாட் பக்கம் இறங்கும், ஃபிரேம் குறைவு கண்ணுக்குத் தெரியாத அளவு. இதிலும் கேம் டெஸ்க்டாப்புக்கு விழுந்தால் உங்கள் சிலிக்கானுக்கு 1800 கூடுதல். 15 மெகாஹெர்ட்ஸாக இறக்கிக்கொண்டே வாருங்கள்.

பவர் லிமிட், அண்டர்வோல்ட் இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

தறிநூல்:
கார்டைக் கழற்றி மாட்டும்போது ஸ்லாட் விரல்களையும் (கார்டின் ஓரத்தில் ஸ்லாட்டுக்குள் போகும் தங்கப் பட்டைகள்) ஆல்கஹாலால் துடைக்கலாம். பென்சில் ரப்பர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது, வேண்டாம். தங்கப் பூச்சு மெல்லியது, ரப்பர் துகளும் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். ஈவென்ட் வியூவரில் ஹியா-லாகர் (WHEA-Logger, வன்பொருள் பிழைப் பதிவு) 17 வரிசையாக வந்திருந்தால் ஸ்லாட் தொடர்பில் குறை என்று கொள்ளலாம். அப்போது பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3-க்கு (மூன்றாம் தலைமுறைக்கு) இறக்கிப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ரைசரை நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் மாட்டியவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

வைகை64:
ஹியா-லாகர் பதிவு ஒன்றுகூட இல்லை. கேபிள் வந்தது. நிலவரம்:

தனித்தனிக் கேபிள் இரண்டு, இரண்டும் நல்லவை, அண்டர்வோல்ட் இல்லாமல், அறை 35 டிகிரி. டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று, 98.6 சதம், பாஸ். ஓசிசிடி சோதனை மென்பொருளில் ஏறி இறங்கும் லோடு ஒரு மணி நேரம், பிழை பூஜ்யம். ஓசிசிடி வீடியோ மெமரி சோதனை அரை மணி, பிழை பூஜ்யம். வழக்கமாக விழும் கேம் ஆறு மணி 20 நிமிடம், கிராஷ் இல்லை. முதல் 8-பின் 11.94, இரண்டாவது 11.91.

பக்கக் கதவைக் கழற்றியபோது மெமரி 106-லிருந்து 103-க்குத்தான் இறங்கியது.

மின்தடம்:
11.61 இருந்த இடத்தில் 11.91. இரண்டுக்கும் நடுவே இருந்த 0.3 வோல்ட் அந்தப் பழுதான கேபிளிலும் மங்கிய பின்னிலும் சூடாகிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் என்பது உங்கள் பழைய 40 நிமிடத்துக்கு ஒன்பது மடங்கு, இந்த அளவு ஓடினால் நம்பலாம். எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். எப்போதாவது மாற்றினால் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் வரையறைப்படி செய்ததை எடுங்கள், மைக்ரோசெகண்ட் பாய்ச்சல்களில் இரண்டு மடங்கு சக்தியைத் தாங்கும்படி அது வகுக்கப்பட்டது.

கொதிநிலை:
3 டிகிரிதான் இறங்கியது என்றால் பேட் காய்ந்தாயிற்று. சித்திரைக்கு முன் புட்டி போட்டுவிடுங்கள். கார்டைத் திறந்ததும் ஒவ்வொரு சிப்பின் மேலும் பழைய பேட்டில் விழுந்திருக்கும் அச்சைப் போட்டோ எடுங்கள். அச்சு முழுச் சதுரமாக இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் பதிந்திருந்தால் அந்தச் சிப் இத்தனை நாள் ஹீட் சிங்கைச் சரியாகத் தொடவே இல்லை. போட்டோவை இங்கே போடுங்கள், எங்கே எவ்வளவு வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.